ஒரு பேரில் இரண்டு கை

செத்தவர்கள் விளையாடலாம் என்று விதி வந்தபோது யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. செத்தவர்கள் ஓட்டுப் போட்ட கதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஜனம்தானே, விளையாடினால் மட்டும் என்ன குறைந்துவிடப் போகிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் கோயம்புத்தூரில் தெருவுக்கு நாலு வீட்டில் நிழல்கள் வந்துவிட்டன.

எல்லாம் ஆட்டக்கணக்கு என்ற இணையதளத்தின் வேலை. முதலில் அது கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறவர்கள் வெறுமனே பெருமை பீற்றிக்கொள்ளும் இடமாகத்தான் இருந்தது. உங்கள் ஆட்டப்பேரைக் கொடுத்தால் போதும். எந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு ராசி, எந்தத் தெருவில் அதிகம் சாகிறீர்கள், யாரோடு கூட்டுச் சேர்ந்தால் ஜெயிக்கிறீர்கள், தோற்ற பிறகு எவ்வளவு அவசரப்படுகிறீர்கள் என்று வண்ணக் கோடுகளாகப் பிரித்து வைக்கும். ஜாதகம் பார்க்கிற மாதிரிப் பையன்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த நிறுவனத்தில் யாருக்கோ தோன்றியது: இவ்வளவு கணக்கு கையில் இருக்கும்போது ஆள் எதற்கு? கணக்கையே எழுப்பி ஆடவிட்டால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் நிழல். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கிடையாது, அது கள்ள ஆட்டம் என்று தடுத்துவிட்டார்கள். செத்தவர்களுக்கு மட்டும். ஒரு பேருக்கு ஒரு நிழல். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால், செத்தவர் எப்படி ஆடினாரோ அப்படியே, அவர் பேரிலேயே அது ஆடும்.

கோகிலவாணி அந்தச் சான்றிதழைப் பதிவேற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் கணவன் நவநீதன் சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். டீ குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்துநாலு வயதில் நெஞ்சு நின்றுபோகும் என்று யார் கண்டார்கள்? கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. மாமியார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக வேலை பார்க்கும் அவளும், சோறு தண்ணியை வெறுத்துவிட்ட மாமனார் சென்னியப்பனும்தான்.

அவன் ஆடிவந்த நதிமுகம் என்ற விளையாட்டைத் தொலைக்காட்சித் திரையில் போட்டாள். பாழடைந்த ஆற்றங்கரை நகரம் ஒன்று. அதற்குள் தனியாகவோ கூட்டாகவோ இறங்க வேண்டும். எதிர்ப்படுகிறவர்களோடு சண்டை போட்டு, கிடைத்த பொருளோடு உயிரோடு வெளியேற வேண்டும். வெளியே கொண்டுவந்தது உங்கள் பெட்டியில் சேரும். அடுத்த ஆட்டத்துக்கு மருந்தும் தோட்டாவும் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஆட்டம்.

திரையில் 'நவநீ' என்ற பேர் தலைக்கு மேலே மிதக்க, ஒரு உருவம் ஆற்றில் இறங்கியது. அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சென்னியப்பன் சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"யாரு சாமி இது?"

"அவருதானுங்க மாமா. அவரு ஆட்டம்."

மகன் இருந்தவரை அந்த விளையாட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வெளங்காத வேலை என்பார். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. கூட்டாளி ஒருவன் குண்டடிபட்டு விழுந்தபோது, தப்பி ஓட வழி இருந்தும் நவநீ திரும்பிப் போய் அவனைத் தூக்கி நிறுத்தினான். சென்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் ரசஞ்சோறு கேட்டார். கோகிலவாணிக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அவள் அழவில்லை. திரையில் அந்த உருவம் வீடுகளுக்குள் நுழையும் முன்பு துப்பாக்கிக் கட்டையால் வாசல் நிலையை ஒரு தட்டுத் தட்டியது. உள்ளே ஆள் இருந்தால் அசைவான் என்று அவளாகக் கண்டுபிடித்த உபாயம் அது. விழுந்தவனைத் தூக்கப் போகும்போது நேரே போகாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனது. அதுவும் அவள்தான். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்குக் கீழே புருஷன் பேரை எழுதி வைத்திருந்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் கேஸ் கனெக்‌ஷன் மாமனார் பேரில், மின்சாரம் மாமனார் பேரில், அவள் வேலைக்கு ஓட்டிப் போகிற ஸ்கூட்டி நவநீதன் பேரில். ஆட்டப்பேர் மட்டும் வேறு விதமாகவா இருக்கும்? கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், உனக்கும் தனியாக ஒன்று எடுத்துக்கொள் என்று நவநீதன் சொல்லத்தான் செய்தான். "எதுக்குங்க? பொம்பளை பேரைப் பாத்தா கண்ட கழுதையும் மெசேஜ் அனுப்புது. உங்க பேருலயே இருக்கட்டும்" என்றாள் அவள். ஒரு பேரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அவனுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும், அவளுக்கும் டியூட்டி மாறும். அவன் மில்லுக்குப் போனால் இவள் ஆடுவாள், இவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் ஆடுவான். இருவரும் சேர்ந்து அந்த ஆற்றில் ஒருநாளும் இறங்கியதில்லை. "நானும் ரெண்டு ஆட்டம் போட்டேன்" என்பான். அவளும் அதையே சொல்வாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஆடியது மாமனாருக்குக்கூடத் தெரியாது. ஊருக்கும் கூட்டாளிகளுக்கும் ஆடியது நவநீதன்.

அந்த வாரம் முழுக்க அவள் ஆட்டக்கணக்கில் அவனைத் தேடினாள். நகரத்தின் வரைபடத்தில் நவநீ நடந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. அதிகம் சிவந்த இடங்கள் எல்லாம் அவள் நடந்தவை. காலை, மதியம், சாயங்காலம் என்று பிரித்துப் பார்த்தாள். ஷிஃப்ட் மாறியதில் அதுவும் குழம்பிக் கிடந்தது. துப்பாக்கி வாரியாகப் பார்த்தாள், இடம் வாரியாகப் பார்த்தாள், சாவு வாரியாகப் பார்த்தாள். எந்தக் கோட்டைத் தொட்டாலும் அவளே எழுந்து வந்தாள். இத்தனை வருடமும் அவனும் இதில் இருந்தானே, எங்கே போனான் என்று கலங்கிப்போய் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தாள். பேசியவள் ஜெசிந்தா என்ற பெண்.

"உங்க நிழல் தப்பா இருக்குங்க. அது என் வீட்டுக்காரரு இல்ல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க அக்கா. பழகப் பழகச் சரியாயிரும்."

"பழகறதுக்கு என்னம்மா இருக்கு? அது நானு. ஒரே பேருல ரெண்டு பேரும் ஆடுனோம்."

"ஐயோ அக்கா" என்றாள் ஜெசிந்தா. கம்பெனிக் குரல் போய்விட்டது. "எங்களுக்குப் பேருதான் தெரியும். பேருக்குப் பின்னாடி எத்தனை கைன்னு தெரியாது. ஆனா பிரிக்கலாம். ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு மாதிரி. குறி பாக்குறதுக்கு முன்னாடி எவ்வளவு தயங்குறாங்க, எந்தப் பக்கம் திரும்புறாங்க, எல்லாம் வேற வேற. உங்க கை தனியா எங்களுக்குத் தெரிஞ்சிட்டா, அதைக் கழிச்சிட்டு மிச்சத்தை எழுப்பலாம்."

"என் கை எப்படித் தெரியும்?"

"உங்க பேருல ஒரு ஆட்டப்பேர் எடுத்து ஆடுங்க. நிறைய ஆடுங்க. ஆனா ஒண்ணு அக்கா. ஒரு பேருக்கு ஒரு நிழல்தான். கொஞ்ச நாள் வெள்ளோட்டம் பாக்கலாம். அதுக்குள்ள எது வேணும்னு உறுதி பண்ணணும். இன்னொண்ணு அழிஞ்சிரும். திரும்ப எழுப்ப முடியாது, விதி அப்படி."

கோகிலவாணி என்று தன் பேரைத் தட்டி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேரிலேயே ஆற்றில் இறங்கினாள். ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள். கூடத்தில் சென்னியப்பன் பெரிய திரையில் நவநீயைப் பார்த்து, "அடி, விடாதே, அப்படித்தான்" என்று கத்துவது கேட்கும். உள்ளே அவள் அதே மாதிரி அடித்துக்கொண்டிருப்பாள். நடுவில் பொள்ளாச்சியிலிருந்து அவள் அப்பா போன் செய்வார். "இன்னும் எத்தனை நாளைக்கு அந்த வீட்ல குந்தியிருப்பே? உனக்கென்ன வயசா போயிருச்சு?" அவள் போனை வைத்துவிடுவாள். நவநீதன் இன்னும் கிடைக்கவில்லையே, எப்படிக் கிளம்புவது?

ஜெசிந்தாவே கூப்பிட்டாள்.

"பிரிச்சாச்சு அக்கா. பெரும்பாலான ஆட்டம் உங்களோடதுதான். ஆனா அவரு இருக்காரு."

கோகிலவாணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எப்படி ஆடறாரு?"

"அதான் எங்களுக்கே ஆச்சரியம். அவரு சுடவே இல்ல. ஒருத்தரைக்கூட. தனியா இறங்குறாரு. ஆத்தோரமா ஒதுங்கி ஒதுங்கிப் போயி, காலி வீட்டுல இருக்குற மருந்து, தோட்டா எல்லாம் பொறுக்கிட்டு வெளிய வந்துர்றாரு. பெட்டியில போட்டுட்டு மூடிர்றாரு. எல்லா ஆட்டமும் இதேதான். அவருக்குன்னு அதிலிருந்து எதையும் எடுத்ததே இல்ல."

"பெட்டி தானா ரொம்புமே. தினம் பரிசு குடுப்பாங்கல்ல? நான் எப்பத் திறந்தாலும் நெறையத்தான் இருக்கும்."

"அந்த கேம்ல அப்படி ஒரு பரிசே கிடையாது அக்கா" என்றாள் ஜெசிந்தா.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். குண்டுகளை இறைத்து ஆடியிருக்கிறாள். மில்லில் நின்று நின்று கால் வீங்கி வந்தவன், கண் எரிய உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காத ஒரு விளையாட்டில் பூனை மாதிரிப் பதுங்கிப் பதுங்கி அவளுக்குச் சேர்த்து வைத்திருக்கிறான். இதைச் சொல்ல அவனுக்கு ஒரு வாய் இருந்தது. பாவி, சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது, கண்ணீர் மாலை மாலையாக வந்தது.

வெள்ளோட்டத்துக்குப் புது நிழலைக் கூடத்தில் போட்டாள். உருவம் அதேதான், பேரும் அதேதான். அது ஆற்றங்கரைப் புதருக்குள் குனிந்து நடந்தது. தூரத்தில் சுடும் சத்தம் கேட்டதும் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டது. ஒரு வீட்டு அலமாரியைத் திறந்து இரண்டு மருந்துப் புட்டிகளை எடுத்துப் பைக்குள் வைத்தது.

சென்னியப்பன் முகம் சுருங்கியது. "இதென்ன, பூனையாட்டம் போறான்? நம்ம பையனுக்கு என்னாச்சு?"

"மாமா, இதுதானுங்க அவரு. இத்தனை நாளு நீங்க பாத்தது..." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அது நானுங்க மாமா. ஓடிப் போயித் தூக்கறது, அடிக்கறது எல்லாம் நானு. அவரு பேருல நாந்தான் ஆடிட்டிருந்தேன். ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும். ஒண்ணை வெச்சா இன்னொண்ணு போயிரும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"பழசையே போடு சாமி" என்றார். எழுந்து அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அவர் நம்பவில்லை என்று அவள் நினைத்தாள். யார்தான் நம்புவார்கள்? செத்த மகனின் வீரத்தை மருமகள் தனதென்று சொன்னால் எந்தத் தகப்பன் ஏற்றுக்கொள்வான்? வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். "ஒரு வாய் சாப்பிடுங்க மாமா" என்று கெஞ்சினாள். "பழசைப் போட்டயா?" என்பார். இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். மனுஷனின் கன்னம் நாளுக்கு நாள் உள்ளே போனது.

உறுதி செய்ய வேண்டிய கெடுவும் வந்தது. கோகிலவாணி அறையில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு ஆசைக்கு, தன் பேரில் உள்ளே போய் அந்தப் புது நிழலைத் தன்னோடு கூட்டுச் சேர்த்தாள். யார் அழைத்தாலும் நிழல்கள் வரும். திரையில் இரண்டு பேர்களும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. கல்யாணப் பத்திரிகையில் பார்த்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

அவன் புதரோரமாக நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். அவன் நின்றால் நின்றாள். ஒரு வீட்டில் அவன் தோட்டாக்களைப் பொறுக்கும்போது வாசலில் காவல் நின்றாள். நான் வந்திருக்கேன் பாருங்க, என்று வாய்விட்டே சொன்னாள். அந்த நேரத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து எவனோ சுட்டான். அவள் விழுந்தாள். விழுந்தவரைக் கூட்டாளி மருந்து கொடுத்து எழுப்பாவிட்டால் சற்று நேரத்தில் சாவுதான்.

நவநீதன் அவள் இருந்த பக்கம் வந்தான். அவன் பையில் மருந்து இருந்தது. அவளுக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்தான், இன்னும் ஒரு புட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தான், அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான். வெளியேறும் படகை நோக்கி, ஒதுங்கி ஒதுங்கி, வீட்டில் இருக்கிற யாருக்கோ மருந்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனான்.

அவன் கை யாரையும் தூக்கிப் பழகியதில்லை. கணக்கில் இல்லாததை நிழல் செய்யாது. அது அவளுக்குத் தெரியும். லேப்பில் வேலை பார்க்கிறவளுக்கு, இருப்பதைத்தான் கருவி காட்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தத் தரையில் கிடந்தபடி அவன் முதுகைப் பார்த்தது அவளை அறுத்தது. அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவளுக்காகத்தான் அவளைத் தாண்டிப் போகிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் இருமினார். பட்டினி கிடக்கிறவரின் இருமல். கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய நிழலே இருக்கட்டும் என்று அழுத்தினாள். உறுதியா என்று தளம் இன்னொரு முறை கேட்டது. மாமனாருக்கு அவர் மகனைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆமாம் என்றாள். அவன் போய்விட்டான்.

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். சவரம்கூடச் செய்துகொண்டார். கூடத்தில் மறுபடி, அடி, விடாதே என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. கோகிலவாணி அந்தப் பக்கம் பார்க்காமல் போய் வந்தாள். ஒரு வயசான மனுஷன் பிழைத்தாரே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறியதா என்பது வேறு விஷயம்.

ஒருநாள் மதியம் அவள் சமையலறையில் சட்னி அரைத்து மிக்ஸியை நிறுத்தியபோது கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"கோகிலா, பின்னால பாரு சாமி. மாடியில ஒருத்தன் நிக்கறான்."

"என்னுங்க மாமா?" என்று கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

அவர் அவளைக் கூப்பிடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நவநீ சட்டென்று திரும்பி மாடியை நோக்கிச் சுட்டான்.

"அப்படித்தான்" என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "மாமா, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நீதான சொன்னே. நீ எதுக்குப் பொய் சொல்லப் போறே?"

"அப்பறம் ஏனுங்க அவரை வேண்டாம்னீங்க? உங்க பையன் உங்களுக்குத் திரும்பக் கெடைக்கட்டும்னு நெனச்சுத்தானுங்க நான் அவரை அழிச்சேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன் ஏற்கெனவே போயிட்டான் சாமி. முப்பத்திநாலு வருஷம் பாத்த முகம், கண்ணை மூடுனா வர்றான், அவனுக்கு எதுக்கு டி.வி.? உன்னைத்தான் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் சோத்தைப் போட்டே, மாத்திரை குடுத்தே, குனிஞ்ச தலை நிமிராமப் போனே வந்தே. இப்படி ஓடுவே, இப்படிச் சிங்கமாட்டம் அடிப்பே, விழுந்தவனைத் தூக்காம நகரமாட்டேன்னு எனக்கு யாரு சொன்னா? உங்கப்பாரு போன் பண்ணுனாரு. ஆவணியில வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. நாயந்தான். சின்ன வயசு, நான் தடுக்கமாட்டேன். நீ போனதுக்கப்பறம் எனக்கு இந்த வீட்ல யாராச்சும் வேணுமல்ல?"

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நடந்துபோய் நாற்காலிக்கும் திரைக்கும் நடுவில் நின்றாள்.

"நான் இன்னும் போகலீங்க மாமா. இங்கதான் நிக்கறேன். என்னைப் பாருங்க."

சென்னியப்பன் அன்பாகத்தான் கையை அசைத்தார்.

"கொஞ்சம் நகரு சாமி. கோகிலா ஆத்துல இறங்கறா."